தந்திக் கம்பியும் இடிமின்னலும்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

அரபு மொழியில் மின்னலுக்குப் ‘பர்க்’ என்று பெயர். தந்திச் செய்திக்கு அம்மொழி வழங்கிய ‘பர்க்கிய்யா’ என்னும் பெயரும் அதே வேரிலிருந்து பிறந்தது. உருது மொழியில் ‘பிஜ்லி’ என்றால் வானத்து மின்னலும் அதுவே, கம்பியில் ஓடும் மின்சாரமும் அதுவே. நம் தமிழிலும் மின்னல், மின்சாரம் இரண்டும் ‘மின்’ என்னும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை. கம்பியையும் அதன்வழி வந்த செய்தியையும் மட்டும் நாம் ‘தந்தி’ என்றோம். யாழின் நரம்புக்கு வழங்கிய சொல் அது.

மொழிகள் இவ்வாறு பெயரிட்டது வெறும் உவமை நயத்தால் அன்று. வானில் தோன்றும் ஆற்றலும் கம்பியில் செல்லும் ஆற்றலும் ஒரே இனத்தவை என்று 18ஆம் நூற்றாண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு வெட்டவெளியில் இரும்புக் கம்பியைக் கட்டிவிட்டால் என்ன நேரும்? அது இடியை அழைத்து வருமா? அல்லது மேகத்திலுள்ள மின்னை உறிஞ்சி மழையையே கெடுத்துவிடுமா? 19ஆம் நூற்றாண்டில் இக்கேள்விகளை எழுப்பியவர்கள் பாமரர் மட்டும் அல்லர். பேராசிரியர்களும் பொறியாளர்களும் அரசாங்கங்களும் இவற்றுக்கு விடை தேடினர். அவர்கள் கண்ட விடைகளில் சில சரியாயின. சில உயிர்ச்சேதத்தில் முடிந்தன. அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

ஏன் பழவேற்காடு?

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் கூடும் எல்லையில் பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் இரண்டாவது பெரியது. அதன் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு, அதற்கப்பால் வங்கக்கடல். கோட்டைக்குப்பம், ஜமீலாபாத், கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று கரையெங்கும் குப்பங்கள். ஏரியின் மீன்பிடி நிலைகளை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் பழைய ஒழுங்கு இன்றும் இங்கு அறியப்பட்டது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறியும் மக்கள் இவர்கள்.

இவ்வூரின் முஸ்லிம் வரலாறு வாசகர்களுக்குப் புதிதன்று. அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் குடும்பங்களும், அரபுத்தமிழ் ஏடுகளின் நினைவும், சூரியக் கடிகாரம் கொண்ட பள்ளிவாசலும் இங்குண்டு. தொழுகை நேரத்தை நிழல் கொண்டு கணித்த அக்கடிகாரம், வானத்தை அளந்து வாழ்ந்த ஒரு சமூகத்தின் சான்று.

நம் பொருளுக்கு இன்னொரு செய்தியும் முக்கியமானது. டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியா கோட்டையை 1613இல் எழுப்பினர். 17ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய வெடிமருந்து ஆலை இவ்வூரில் இயங்கியது. இங்கு ஆக்கப்பட்ட வெடிமருந்து பத்தாவியா வரை சென்றது. வெடிமருந்தும் மின்னலும் ஒன்றையொன்று சந்தித்தால் என்னவாகும் என்ற அச்சமே, பிற்காலத்தில் மின்னல் பற்றிய அறிவியல் விவாதங்களை அரசாங்கங்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, அவ்விவாதம் இந்தியாவிலும் சூடுபிடிக்கத் தொடங்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒளி முந்தியது, ஒலி பிந்தியது

மின்னலும் இடியும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதை முற்கால அறிஞர்கள் எளிதில் ஒப்பவில்லை. மின்னல் முதலில் தெரிகிறது, இடி பிறகு கேட்கிறது. ஆகவே இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள் என்றே தோன்றும். கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா, ‘அஷ்ஷிஃபா’ என்னும் தம் பெருநூலின் இயற்கைப் பகுதியில் இதனை ஆராய்ந்தார். காட்சிக்குக் காலம் தேவையில்லை, கேள்விக்குக் காலம் தேவை; எனவேதான் இடி பிந்தி வருவதாகத் தோன்றுகிறது என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். ஒளிக்கும் வேகம் உண்டென்று நாம் இன்று அறிவோம். எனினும் மின்னலைக் கண்ட இடத்துக்கும் இடியைக் கேட்ட இடத்துக்கும் இடையிலுள்ள தூரமே அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்னும் அடிப்படை இவ்வழியில்தான் உறுதிப்பட்டது.

இந்தத் தாமதத்தைத் துல்லியமாக அளந்த புகழ்பெற்ற சோதனைகளுள் ஒன்று பழவேற்காட்டுக்கு அண்மையிலேயே நடந்தது. சென்னை வானாய்வுக்கூடத்தின் ஜான் கோல்டிங்காம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளியைக் கண்டு, ஓசை வந்து சேரும் வரை கடந்த நொடிகளை எண்ணினார். வெப்பம், ஈரம், காற்றின் திசை ஆகியவற்றையும் உடன் குறித்துவைத்தார். அவர் கண்ட முடிவுகள் 1823இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியாயின. நம் நாட்டு வெப்பத்தில் ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறக்குறைய மூன்று நொடி எடுக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், இடி விழுந்த தூரம் கிட்டும். எந்தக் கருவியும் வேண்டாத கணக்கு இது. பின்னால் இதற்கே மீண்டும் வருவோம்.

வெடிமருந்துக் கிடங்கும் இடிதாங்கியும்

1752இல் பிரான்சின் மார்லி என்னுமிடத்தில் தாலிபார் நட்ட இரும்புக் கோலும், அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் பறக்கவிட்ட பட்டமும், மேகத்திலிருந்து மின்னை இறக்கிக் காட்டின. மறு ஆண்டே அதே சோதனையைச் செய்ய முயன்ற ரிக்மன் என்னும் பேராசிரியர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மின்தாக்கி இறந்தார். வானத்து மின்னலும் ஆய்வுக்கூடத்து மின்னும் ஒன்றே என்ற உண்மையோடு, அது கொல்லும் என்ற உண்மையும் அன்றே உறுதியாயிற்று.

அதன்பின் எழுந்தது இடிதாங்கி. ஆனால் அதன் முனை கூர்மையாக இருக்கவேண்டுமா, உருண்டையாக இருக்கவேண்டுமா என்றே பெரும் சச்சரவு மூண்டது. இத்தாலியின் பிரெசியா நகரில் 1769இல் வெடிமருந்து வைத்திருந்த தேவாலயம் இடிவிழுந்து வெடித்து, நகரின் ஒரு பகுதியே அழிந்தது. இங்கிலாந்தில் பர்ஃபிளீட் வெடிமருந்துக் கிடங்கின் கட்டடம் ஒன்று, இடிதாங்கி பொருத்தப்பட்டிருந்தும் 1777இல் தாக்கப்பட்டது. கூர்முனை பிராங்க்ளினின் கொள்கை. அவரோ அப்போது கிளர்ச்சி செய்த அமெரிக்காவின் தூதர். எனவே மூன்றாம் ஜார்ஜ் மன்னர் உருண்டை முனையின் பக்கம் சாய்ந்தார். அறிவியலில் அரசியல் கலந்த கதைகளுள் இதுவும் ஒன்று.

இந்தியாவில் இக்கதை வேறு வடிவம் கொண்டது. கட்டடத்தோடு ஒட்டிய இடிதாங்கியில் மின்னல் இறங்கும்போது, அது பக்கவாட்டில் தாவி உள்ளேயுள்ள உலோகங்களைத் தாக்கும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் அறிவியல் அலுவலர்கள் அஞ்சினர். அவர்கள் கூறிய யோசனையின்பேரில் 1830களின் இறுதியில் வெடிமருந்துக் கிடங்குகளிலிருந்து இடிதாங்கிகளை அகற்றக் கம்பெனி ஆணையிட்டது. அதன் பின்னர், காப்பின்றி நின்ற டம்டம் கிடங்கும், பம்பாய் மசகானின் வெடிமருந்துப் பட்டறை ஒன்றும் இடியால் தாக்கப்பட்டு வெடித்ததாக, இடிதாங்கி ஆய்வில் பேர்பெற்ற ஸ்நோ ஹாரிஸ் எழுதி வைத்தார். பக்கவாட்டுத் தாவல் என்பது கற்பனை அன்று, உண்மையில் நிகழக்கூடியதே. ஆனால் அதற்கு மருந்து இடிதாங்கியைக் கழற்றுவதன்று; கட்டடத்திலுள்ள உலோகங்களை அதனோடு இணைத்து, நிலத்தில் நன்கு பதிப்பதே. பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டதன் விளைவை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இவ்விவாதத்தில் பங்கேற்றவர்களுள் ஒருவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷானசி. இதுபற்றிய அலுவல் கடிதங்கள் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. இவரே பின்னர் இந்தியத் தந்தியின் தந்தையானார்.

மழைக்கும் இடிக்கும் நடுவே ஒரு கம்பி

அயர்லாந்தில் 1809இல் பிறந்த ஓஷானசி ஒரு மருத்துவர். காலரா நோயாளியின் குருதி நீரையும் உப்பையும் இழப்பதைக் கண்டறிந்து கூறியவர். 1839இல் கல்கத்தா அருகே மூங்கில் நட்டுக் கம்பி கட்டித் தந்திச் சோதனை செய்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1851இல், கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே முதல் தடம் செயற்பட்டது. அப்பணியில் அவருக்குத் தோள் கொடுத்தவர் சிப் சந்திர நந்தி என்னும் வங்காளி.

ஐரோப்பாவில் மெல்லிய கம்பி போதுமானதாக இருந்தது. இங்கோ ஓஷானசி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள இரும்புக் கோல்களைத் தேர்ந்தார். காற்றடித்தாலும் அறாது, குரங்கும் பருந்தும் தொங்கினாலும் தாங்கும், கீழே விழுந்து மாடோ யானையோ மிதித்தாலும் கெடாது, கொட்டும் மழையிலும் செய்தி செல்லும். இவை அவர் காட்டிய காரணங்கள். பருமனான உலோகம் மின்னுக்குத் தாராளமான வழி கொடுக்கும் என்பதே இதன் அடிப்படை. சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் சென்ற தடத்தில் மரத்துக்குப் பதில் கருங்கல் தூண்களும் நடப்பட்டன. 1853இல் தொடங்கிய பெரும் பணி கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்களை இணைத்தது. 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்கும் தந்தி திறந்துவிடப்பட்டது.

கம்பி வந்ததும் இடி பற்றிய கேள்வியும் வந்தது. தந்தி அலுவலர்கள் கண்கூடாகக் கண்டது இது: தொலைவில் எங்கோ மின்னினால்கூடத் தந்திக் கருவி தானே துடித்தது, சில வேளைகளில் பொறி பறந்தது, கம்பிச்சுருள்கள் உருகின. பாரிஸ் அருகே 1847இல் இவ்வாறு ஒரு நிலையம் தாக்கப்பட்ட பின், லூயி பிரேகே என்பவர் கருவிக்கு முன்னால் மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை வைக்கும்படி கூறினார். பெருமின் வந்தால் அத்துண்டு உருகிக் கருவியைக் காக்கும். இன்று நம் வீடுகளிலுள்ள ‘பியூஸ்’ அதன் வழித்தோன்றலே. அதற்கு முந்திய ஆண்டில், ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல் மின்னலை நிலத்துக்குத் திருப்பும் தகட்டு அமைப்பு ஒன்றை வகுத்திருந்தார்.

கம்பி மழையைத் திருடுமா?

காரணத்தை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி. 1846இல் அவர் அளித்த கட்டுரையில் மின்னல் தந்திக் கம்பியைப் பாதிக்கும் வழிகளைப் பிரித்துக் காட்டினார். கம்பி நேரடியாகத் தாக்கப்படலாம். தாக்கப்படாமலே, மேகத்தின் மின்னூட்டம் அருகில் வந்து விலகும்போது கம்பியில் மின்னோட்டம் தூண்டப்படலாம். தடத்தின் ஒரு முனையில் மழையும் மறுமுனையில் தெளிந்த வானமும் இருந்தால், இரு முனைகளின் மின்நிலை வேறுபாட்டாலும் ஓட்டம் எழலாம். இவ்வகைப்பாடு இன்றளவும் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது.

ஆயினும் மக்களிடையே இரு நேரெதிர் நம்பிக்கைகள் பரவின. கம்பி மின்னலை ஊருக்குள் இழுத்து வருகிறது என்றனர் ஒரு சாரார். கம்பி மேகத்தின் மின்னை வடித்துவிடுகிறது, ஆகவே இடியும் குறையும், மழையும் குறையும் என்றனர் மறுசாரார். அமெரிக்க மேற்குச் சமவெளிகளிலோ இது தலைகீழாயிற்று. இருப்புப் பாதையும் தந்திக் கம்பியும் மழையைப் பெருக்குகின்றன என்று நிலத்தில் குடியேற்றத்தை ஊக்குவித்தோர் பரப்பினர். 1890களின் வறட்சி அந்த நம்பிக்கையை நம்பிக் குடியேறியவர்களைப் பெரிதும் வாட்டியது.

இவற்றுள் உண்மை எவ்வளவு? உயர்ந்து நிற்கும் கம்பி, தன் அருகே விழவிருந்த இடியைத் தான் வாங்கிக்கொள்ளும். வாங்கிய மின்னைத் தொலைவுக்குக் கடத்தும். முனையில் இருப்பவரைத் தாக்கவும் கூடும். இம்மட்டில் முதற்சாராரின் அச்சத்தில் பொருளுண்டு. ஆனால் நெடுந்தொலைவு மேகத்தைத் தன்பால் இழுக்கும் ஆற்றல் அதற்கில்லை. மேகத்தை வடிக்கவும் அதனால் இயலாது. தந்தியில் ஓடியது ஆம்பியரின் சிறு பகுதி. ஒரு மின்னல் வீச்சின் உச்சமோ சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவினது. மேகம் தன் உள்ளே நீர்த்துளியும் பனித்துகளும் மோத மோத மின்னைப் புதிதாக ஆக்கிக்கொண்டேயிருக்கிறது. பத்தாயிரம் மைல் கம்பியும் அதன் முன் ஒன்றுமில்லை.

கம்பியில் தோன்றும் ஓட்டமெல்லாம் மேகத்திலிருந்து வருவதும் அன்று. 1859 செப்டம்பர் தொடக்கத்தில் கதிரவனில் எழுந்த பெருங்கொந்தளிப்பால் உலகின் பல பகுதிகளில் தந்திக் கருவிகள் நிலைகுலைந்தன. இடியோ மழையோ இல்லாத இடங்களிலும் கம்பிகளில் மின் பாய்ந்தது. அப்போது பம்பாய் கொலாபா ஆய்வுக்கூடத்தில் பதிவான காந்தக் குலைவு, இன்றும் அறிஞர்கள் எடுத்தாளும் ஆவணம்.

அனுபவமா, கோட்பாடா?

1888இல் இங்கிலாந்தின் பாத் நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில் இரு பெரியவர்கள் நேருக்கு நேர் மோதினர். ஒருவர் அஞ்சல் துறையின் தந்திப் பொறியாளர் வில்லியம் பிரீஸ். தம் மேற்பார்வையில் தந்திக் கம்பங்களோடு இலட்சக்கணக்கான இடிதாங்கிகள் இருப்பதையே அவர் சான்றாகக் காட்டினார். மின்னல் என்பது தந்தி மின்னோட்டம் போன்றதே, அளவில்தான் பெரிது. எனவே தடை குறைந்த செப்புக் கம்பி இருந்தால் போதும் என்பது அவர் துணிபு. மற்றவர் பேராசிரியர் ஆலிவர் லாட்ஜ். மின்னல் நிதானமாக ஓடும் ஆறு அன்று. நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கில் பாய்ந்து முடியும் வெள்ளம். அவ்வளவு விரைந்த பாய்ச்சலைத் தடுப்பது கம்பியின் தடை அன்று, அதன் காந்த நிலைமமே என்று அவர் ஆய்வுக்கூடச் சோதனைகளால் வாதிட்டார்.

இன்று திரும்பிப் பார்த்தால் இருவரிடமும் உண்மையும் பிழையும் கலந்திருந்தன. காந்த நிலைமம் பற்றி லாட்ஜ் சொன்னது சரி. ஆனால் மின்னல் முன்னும் பின்னும் அலைந்து ஆடுகிறது என்று அவர் கருதியது பொதுவாகப் பொருந்தவில்லை. பெரும்பாலான வீச்சுகள் ஒரே திசையில் பாய்பவை என்று பின்னர் அளந்து அறிந்தனர். பிரீஸின் அனுபவம் பெரிது. ஆனால் தாம் நாள்தோறும் கையாண்ட தந்தியின் சாயலையே வானத்து மின்னலின் மீதும் அவர் ஏற்றிப் பார்த்தார். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளப்பது மனித இயல்பு. அளவுகோல் பொருந்துகிறதா என்று சோதிப்பதே அறிவின் கடமை.

தந்தியும் உலமாக்களும்

தந்தி நம் சமூகத்திலும் ஒரு விவாதத்தைக் கிளப்பியது. ஓரூரில் கண்ட பிறையைத் தந்தி மூலம் மற்றோர் ஊர் அறிந்தால், அதை ஏற்று நோன்போ பெருநாளோ முடிவு செய்யலாமா? இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் உலமாக்கள் இதை விரிவாக ஆராய்ந்தனர். செய்தியை அனுப்பியவர் யார், இடையில் கைமாற்றியவர் நம்பத்தக்கவரா, சாட்சியத்தின் இலக்கணம் இதற்குப் பொருந்துமா என்பனவே வினாக்கள். ஏற்க மறுத்தோரும் ஏற்கலாம் என்றோரும் இருந்தனர். திமிஷ்கின் ஜமாலுத்தீன் அல்காசிமி 1911இல் தந்திச் செய்தியை ஏற்பது குறித்துத் தனி நூலே வெளியிட்டார். அந்நூலின் தலைப்பில் தந்திச் செய்தி ‘கபருல் பர்க்’, அதாவது மின்னலின் செய்தி, என்றே குறிக்கப்படுகிறது.

மறுத்த உலமாக்களைப் புதுமைக்குப் பகைவர் என்று எளிதாகத் தள்ளிவிடுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கம்பி செய்தியைக் கொண்டுவரும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அச்செய்திக்குப் பொறுப்பேற்பவர் யார் என்று கேட்டனர். செய்தி மின்னல் வேகத்தில் பரவும் இக்காலத்தில் அக்கேள்வியின் கனம் முன்னிலும் கூடியிருக்கிறது.

ஏரிக்கரையில் எஞ்சும் கேள்வி

மழையைத் திருடும் என்று பழிசுமத்தப்பட்ட அதே தந்திக் கம்பி, இறுதியில் மழையின் வருகையை முன்னறிவிக்கும் தூதனாயிற்று என்பது வரலாற்றின் விந்தை. பல ஊர்களின் காற்றழுத்தத்தையும் காற்றின் திசையையும் ஒரே நாளில் ஓரிடத்தில் திரட்டத் தந்தியே வழிசெய்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்ததும், துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை சென்றதும் அதன் துணையால்தான். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுற்றது. அதன் பணி வேறு வடிவங்களில் தொடர்கிறது.

ஆனால் பழைய நம்பிக்கைகள் தந்தியோடு மறையவில்லை. கம்பியின் இடத்தில் இப்போது கைப்பேசிக் கோபுரம். அது மழையைத் தடுக்கிறது என்பாரும், சட்டைப்பையிலுள்ள கைப்பேசி இடியை இழுக்கும் என்பாரும் நம்மிடையே உண்டு. கையளவுக் கருவிக்கு அந்த ஆற்றல் இல்லை. இடி வேளையில் அஞ்சத்தக்கது சுவரோடு கம்பியால் இணைந்த தொலைபேசியும் மின்கருவியுமே. 1846இல் ஹென்றி சொன்ன காரணம் இங்கும் பொருந்தும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வெட்டவெளியில் உழைப்போர். பழவேற்காட்டு ஏரியைப் போன்ற தட்டையான நீர்ப்பரப்பில், படகில் நின்று கழி ஊன்றுபவரே சுற்றுவட்டாரத்தில் உயர்ந்த பொருளாகிவிடுகிறார். இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் பிடிக்கும் பெண்களுக்கும் ஒதுங்க இடமில்லை. அதே ஏரியின் கிழக்குக் கரையில், ஸ்ரீஹரிகோட்டாவின் ஏவுதளத்தைச் சுற்றி மின்னலைத் தாமே வாங்கிக்கொள்ளும் உயர்ந்த காப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. ஏவுகணைக்குக் கிட்டிய அறிவு மீனவருக்கும் கிட்டவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். குப்பங்களின் வலைக்கூடங்களிலும் ஏலக்கூடங்களிலும் முறையான இடிதாங்கி அமைப்பது அரிய காரியம் அன்று.

கோல்டிங்காமின் கணக்கையும் ஒவ்வொரு குப்பத்துப் பிள்ளைக்கும் கற்றுத்தரலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குக் குறைந்தால், இடி பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. வலையை விட்டுக் கரையேற வேண்டும். ஒற்றைப் பனையின் கீழ் ஒதுங்கலாகாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை நீரில் இறங்கலாகாது.

அல்குர்ஆனின் பதின்மூன்றாம் அத்தியாயம் ‘அர்ரஃது’, அதாவது இடி, என்னும் பெயரையே தாங்கியுள்ளது. மின்னலை அச்சத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் உரியதாக அது காட்டுகிறது. மழைக்கு ஏங்கும் உழவரும் கடலேறும் மீனவரும் இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தவர்கள். அச்சம் அறிவோடு சேரும்போது எச்சரிக்கையாகிறது. அறிவை விட்டுப் பிரியும்போது வதந்தியாகிறது. தந்திக் கம்பியின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.